மௌன விரத மாப்பிள்ளை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் நான் மலாக்கா டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மலாக்காச் செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள், விபூதி பூசுவார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அவர்களிடம் தங்கியிருப்பது சாமி அறையில் புழங்கும் சில சொற்கள்தான்.

வீட்டில் இரண்டே பேர். சாரோங்கின் மேல் கெபாயாச் சட்டை உடுத்தி, கொண்டையில் வெள்ளி ஊசி குத்திய ஒரு விதவை அம்மா. அவரை நான் மலாயில் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவேன். இன்னொருவர் அவருடைய மகன். முன்கூடத்தில் மேசை போட்டு ரேடியோ ரிப்பேர் செய்வார், கல்யாண வீடுகளில் பிடில் வாசிப்பார், மீதி நேரமெல்லாம் பேசுவார். தெருவில் போகிறவரை நிறுத்தி வைத்துப் பேசுவார். யாரும் போகாவிட்டால் ரேடியோவோடு பேசுவார். வெயில் ஏறிய பிறகுதான் படுக்கையை விட்டு எழுவார். தமிழ் ஒரு வாக்கியம் வராது.

எனக்கோ அப்போது தமிழ்ப் பித்து தலைக்கேறியிருந்தது. ஜன்னலைச் சாளரம் என்பேன், சைக்கிளை மிதிவண்டி என்பேன். காப்பிக் கடையில் உட்கார்ந்து "ஒரு குளம்பி" என்று கேட்டு, கடைக்காரர் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்ததும் உண்டு. விட்டுக்கொடுக்காமல் குடித்தேன். விடியுமுன் எழுந்து கிணற்றடியில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே செய்யுள் ஒப்பிப்பேன். மகனுடைய அறைக்குள்ளிருந்து ஓர் ஈனக்குரல் வரும்.

"சிக்கு! தோலோங் லா! சுவாரா கெச்சில் சிகிட்!"

கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள் என்று கெஞ்சுகிறார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், சிக்கு என்று. நம் மொழியில் சிக்கு என்றால் தலைமுடியில் விழுவது. அவர் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எனக்குக் கை தானாகத் தலைக்குப் போகும், கோபம் வரும், அடுத்த செய்யுளை இன்னும் உரக்கச் சொல்வேன்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமா வந்தார். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி. பெற்றவர்கள் போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். வந்தவர் கையோடு கொண்டுவந்த பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்.

"மாப்பிள்ளை பாத்தாச்சு ஆயி. பால்காரரு. சொந்த மாடுங்க. குடி கெடையாது. நீதான் கோழி கூவுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுக்கிறியே, பால் கறக்க தோதா இருக்கும்."

"மாமா, நான் டீச்சர்."

"கறந்துட்டுப் போயேன். ஸ்கூலு எங்க ஓடிருது?"

பால்காரர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மாடென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். அதைச் சொன்னால் மாமா சிரிப்பார். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு மாமா."

மாமா துண்டைக் கீழே போட்டுவிட்டார். "யாரு?"

அந்த நேரம் பார்த்து, சாரோங்கைக் கையில் பிடித்தபடி, வாயில் பல்குச்சியோடு, மக்சிக்கின் மகன் உள்ளேயிருந்து வந்தார். கூடத்தில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. நான் விரலை நீட்டினேன்.

அவர் மாமாவைப் பார்த்துத் தலையாட்டி ஒரு சிரிப்புச் சிரித்தார். வாயில் பல்குச்சி இருந்ததால் பேச்சு வரவில்லை. அது என் நல்ல காலமா கெட்ட காலமா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "செட்டி வீட்டுப் பையனா? சாமி நம்ம சாமிதான், அது சரி. ஆனா தமிழ் பேசாத எடத்துல பொண்ணு குடுக்கக் கூடாதுன்னு தீவாளிக்கு வந்தப்ப மேடை போட்டுப் பேசுனது நீதானே?"

நான்தான். தோட்டத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் பேசியிருந்தேன். கைதட்டல்கூட வாங்கினேன்.

"அதெல்லாம் பேசுவாரு மாமா."

"பேசச் சொல்லு, கேப்போம்."

"இப்ப முடியாது. மௌன விரதம். மாரியம்மனுக்கு வேண்டுதல். திருவிழா முடியுற வரைக்கும் வாயே திறக்க மாட்டாரு."

மாமா கண் கலங்கிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரோ பல்குச்சியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி, இன்னும் நன்றாகச் சிரித்தார். அடுத்த ஞாயிறு விட்டு மறு ஞாயிறு மாமியை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி மாமா பஸ் ஏறினார்.

மாமா போனதும் நடந்ததை மகனிடம் மலாயில் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. "எனக்கென்ன? வருகிறவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதுமே. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் பாட்டுக் கூடாது" என்றார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

மக்சிக் சமையலறையிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அம்மன் பேரைச் சொன்னாயா?"

"சொன்னேன் மக்சிக்."

"விரதம் என்று சொன்னாயா?"

"சொன்னேன்."

"அப்படியானால் விரதம்தான். அம்மனிடம் விளையாட்டுக் கிடையாது." மகன் பக்கம் திரும்பினார். "நீ இன்றிலிருந்து திருவிழா முடியும் வரை பேசக் கூடாது. மீன் கூடாது. இறால் அரைத்த பெலாச்சானும் கூடாது."

"மாக்!" என்று அலறினார் மகன். அதுதான் அவருடைய கடைசிச் சொல். மக்சிக் விரலை உதட்டில் வைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "இவனை ஊமையாக்கியது நீ. இவனுக்குப் பதிலாக நீதான் பேச வேண்டும்."

மறுநாளிலிருந்து பள்ளி முடிந்ததும் நான் ரேடியோ மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் அவருடைய வாயாக நான் பேச வேண்டும். எனக்கு ரேடியோவில் தெரிந்தது திருகவும் நிறுத்தவும் மட்டுமே. அவர் கையை ஆட்டிக் காட்டுவார், கண்ணை உருட்டுவார். நான் ஊகித்துச் சொல்வேன். ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, கொண்டுவந்த ரேடியோவைத் திறந்து பார்த்துவிட்டு, அவர் இரண்டு கையையும் விரித்தார். நான் வருத்தமான குரலில், "இது பிழைக்காது தவுக்கே" என்று சொல்லிவிட்டேன். தவுக்கே பாவம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் ஐந்தடி நடைபாதை வரைக்கும் போய்விட்டார். இவர் பாய்ந்து போய் அவரை இழுத்துவந்தார். பெட்டியை இவ்வளவு அகலமாகத் திறந்து உள்ளே துடைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கைவிரிப்புக்கு அர்த்தம்.

அன்றைக்குத்தான் பிடில் மேசைக்கு வந்தது. நான் சொல்வது சரியென்றால் ஒரு இழுப்பு, தப்பென்றால் இரண்டு. அபத்தம் என்றால் கடைசிவரைக்கும் இழுத்து, பூனை வாலை மிதித்தது போல முடிப்பார். முதல் வாரம் பூனையைத்தான் அதிகம் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ புது வாத்தியம் பழகுகிறார் என்று நினைத்தார்கள்.

இரண்டாவது வாரம் இழுப்புகள் குறைந்தன. ஒருவருடைய புருவத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவரைப் பார்க்க எனக்கு நேரமே கிடைத்ததில்லை. இப்போது பார்த்தேன். கம்பியைச் சூடு வைத்து ஒட்டும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். ரேடியோ உயிர் பெற்றுப் பாட ஆரம்பித்ததும் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டுவார், கன்றுக்குட்டியைத் தட்டுவது போல. எனக்கு மாடென்றால் பயம் என்று சொன்னேனே தவிர, கன்றுக்குட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சொன்ன ஞாயிறு மாமா வந்தார். மாமியும் வந்தார். அவர்களுக்குப் பின்னால், வெள்ளை வேட்டியும் எண்ணெய் படிய வாரிய தலையுமாகப் பால்காரரும் இறங்கினார். தன்னைத் தோற்கடித்தது யார் என்று பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம்.

மாமி வீட்டிலிருந்தே பெரிய தூக்கில் பாயசம் கொண்டுவந்திருந்தார். "தம்பிக்குப் பாயசம் புடிக்குமா?" என்று கேட்டார்.

"உயிர்" என்றேன்.

மாப்பிள்ளையின் புருவம் வேறு சொன்னது. ஆனால் பிடில் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. மாமி ஊற்ற ஊற்றக் குடித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பால்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மாட்டைப் பற்றித் தழுதழுத்துக்கொண்டிருந்தார். கன்று போட்ட பிறகு அது தன்னை மதிப்பதில்லையாம். அவர் புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பால்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, இப்பிடிக் காது குடுத்துக் கேக்குற மனுசன நான் பாத்ததே இல்ல. நீங்க எனக்குக் கெடைக்காதது சரிதான்."

அடுத்து மாமா மௌன மாப்பிள்ளையைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். மாமாவுக்கு ஒரு வழக்கு இருந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பலா மரத்தை மாமி வெட்டச் சொல்கிறார். கூரைமேல் பழம் விழுகிறதாம், ஈ மொய்க்கிறதாம். மாமாவுக்கு அந்த மரம் உயிர். நியாயமா தம்பி என்று கேட்டார். அவர் தலையாட்டினார். மாமா அவரைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாமி போய், அதே வழக்கைத் தன் பக்கத்திலிருந்து சொன்னார். வெட்டித்தானே தம்பி ஆகணும்? அவர் மாமிக்கும் குறை வைக்கவில்லை. இன்னும் பலமாகத் தலையாட்டினார்.

புதன்கிழமை மாமி அரிவாளோடு இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு மரத்தில் ஏற்றிவிட்டார். மாமா வேலைக்காட்டிலிருந்து ஓடிவருவதற்குள் ஒரு பக்கக் கிளைகள் மொத்தமும் தரையில் கிடந்தன. அப்போது நடந்ததை மாமாவே பின்னால் சொன்னார்.

"ஏண்டி வெட்டுன?"

"மாப்பிள்ளை வெட்டச் சொன்னாரு."

"அவரு வாயே தொறக்கல, எப்பிடிச் சொன்னாரு?"

"தலைய ஆட்டுனாரு."

"எனக்குந்தான் ஆட்டுனாரு!"

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், முன்சீட்டிலும் பின்சீட்டிலுமாக வந்து இறங்கினார்கள். இவர் முன்னால் நின்று தீர்ப்புக் கேட்டார்கள். வெட்டணுமா, வேண்டாமா? இவர் என்னைப் பார்த்தார். மரம் என்பதற்கு நான் கையைத் தூக்கிக் காட்டினேன். வெட்டுவதற்குக் கையால் கழுத்தில் கோடு போட்டுக் காட்டினேன். தன்னைத்தான் வெட்டப் போகிறார்கள் என்று நினைத்து அவர் இரண்டடி பின்னால் போனார்.

"பாத்தியா, வேணாங்குறாரு!" என்றார் மாமா.

"பழம் தலையில விழுமோன்னு மெரள்றாரு!" என்றார் மாமி.

கடைசியில், விரதம் முடிந்து அவர் வாய் திறந்து சொல்வதுதான் தீர்ப்பு என்று முடிவாயிற்று. திருவிழாவுக்கே வந்துவிடுகிறோம், முதல் வார்த்தையை எங்கள் காதால் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனி வேறு வழியில்லை. அவருக்கு ஒரே ஒரு தமிழ் வாக்கியமாவது கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் திருப்பிச் சொல்லிப் பழக அவர் வாய் திறக்கக் கூடாது. மக்சிக் கதவோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே காவல் காத்தார். நான் சொல்வேன், அவர் உதட்டை மட்டும் அசைப்பார். சத்தம் வராத தமிழ் சரியா தப்பா என்று எந்த வாத்தியார் திருத்த முடியும்? என் புத்தியும் எங்கேயோ மேயப் போயிருந்தது. "வாங்க, சாப்பிடுங்க" என்று இரண்டு சொல்லோடு விட்டிருக்கலாம். நான் தேர்ந்தெடுத்த வாக்கியம்: "தங்கள் வருகையால் பெருமகிழ்ச்சி அடைந்தேன்." ழகரம் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ழகரத்துக்கு நாக்கை மடித்துக் காட்டினேன். அவரும் மடித்தார். நான் காட்ட, அவர் காட்ட, வாசலில் போன தபால்காரர் நாங்கள் ஒருவருக்கொருவர் நாக்கைத் துருத்திக்கொள்கிறோம் என்று நினைத்துச் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

மிதிவண்டியை.

திருவிழா அன்று கோயில் தெருவே மல்லிகையும் கற்பூரமுமாக மணந்தது. செட்டிப் பெண்கள் சாரோங் உடுத்திப் பால்குடம் எடுத்துப் போனார்கள். மாமா, மாமி, பால்காரர் எல்லோரும் முன்னாலேயே வந்து நிழல் பார்த்து நின்றுவிட்டார்கள். தீபாராதனை முடிந்து, மக்சிக் மகனுடைய நெற்றியில் விபூதி இட்டு, "சுடா, போலே சாக்காப்" என்றார். முடிந்தது, இனி பேசலாம். மாமா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாமி காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டார். நான் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார். இத்தனை நாள் சும்மா கிடந்த தொண்டை, செருமலே துருப்பிடித்துத்தான் வந்தது.

"தங்கள்..." என்றார். மாமா முகம் மலர்ந்தது.

"வரு... வரு..." என்றார்.

"சொல்லுங்க தம்பி, சொல்லுங்க."

"பெருமகி... மகி... மகி..." நாக்கு மடிந்தது. மடிந்த நாக்கு திரும்பி வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு, கோயில் மணியே நின்றுவிடும்படியான குரலில் கத்தினார்.

"அடோய், மாக்! லாப்பார்ஞா சாயா!"

அம்மா, பசி உயிர் போகிறது என்று அர்த்தம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேடை போட்டுப் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. அப்போது மாமாவின் குரல் கேட்டது. சுத்தமான மலாய்.

"லாப்பார்? மாரி லா, மாக்கான் டூலு!"

வா, முதலில் சாப்பிடு என்கிறார். கண்ணைத் திறந்தேன். மாமா அவர் தோளில் கை போட்டு, தெருக்கோடியில் விரதம் முடித்தவர்களுக்கு மீனும் சோறும் போடும் பந்தலுக்கு நடத்திக்கொண்டு போகிறார். மாமி பின்னாலேயே போய் மலாயில் மீன் வேண்டுமா என்று விசாரிக்கிறார். மாமா தோட்டத்தில் மலாய்க்காரர்களோடு வேலை பார்த்தவர், மாமி கம்போங் கிராமத்துப் பெண்களிடம் காய்கறி வாங்குகிறவர். அவர்களுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. அது எனக்குத் தெரியாததல்ல. எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

பந்தலில் வைத்து மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் இருக்கு என்றது பொய், விரதம் பொய், தமிழ் தெரியும் என்றதும் பொய். மாமா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"அப்ப மரத்தப் பத்தி ஒண்ணுமே வெளங்காமத்தான் தலைய ஆட்டுனானா?"

"ஆமா மாமா."

இதற்குத்தான் மாமாவுக்குக் கோபம் வந்தது. மற்ற பொய்களை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் மலாயில் வழக்கை முதலிலிருந்து எடுத்துச் சொன்னார். மாமி குறுக்கிட்டுத் தன் பக்கத்தைச் சொன்னார். அவர் மீன் முள்ளை எடுத்து வைத்துவிட்டு, ஆசை தீரப் பேச ஆரம்பித்தார். பலா மரத்தின் நிழல், காய், கறி, கட்டை, அதில் பிடில் செய்தால் எப்படி ஒலிக்கும் என்று பேசிக்கொண்டே போனார். பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், பேச்சு நிற்கவில்லை. கடைசியில் மாமாவும் மாமியும் ஒன்றாக எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மரம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். பால்காரர் மட்டும் கொஞ்சம் முகம் வாடி, "பேசாதப்பதான் நல்லாயிருந்தாரு டீச்சரம்மா" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் எனக்கான கணக்கை எடுத்தார்.

"சிக்கு, எனக்குப் பாயசம் பிடிக்காது. ஐந்து கிண்ணம் குடித்தேன். நான் ராணுவத்தில் சேர ஆசைப்பட்டேன் என்று மாமியிடம் சொன்னீர்கள். எப்போது ஆசைப்பட்டேன்? தவுக்கேயிடம் எனக்குப் பாம்பு பயம் என்றீர்கள்."

"அது புருவத்தைப் பார்த்துச் சொன்னேன்."

"அது மட்டும் சரி" என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அவர் தானாகப் பேசாமல் நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு சொன்னார். "மற்றதிலும் நிறைய சரி. எப்படித் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை. நாளைக்குப் படத்துக்குப் போகலாமா? இது மாமாவுக்காக இல்லை."

நான் யோசிக்கிற மாதிரி நடந்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. "தமிழ்ப் படம் என்றால் வருகிறேன்" என்றேன்.

போனோம். படம் முழுக்க அவர் எனக்குப் பக்கத்தில் அர்த்தம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்வரிசையில் ஒருவர் கடலைத் தோலை எங்கள் மேல் எறிந்தார். இடைவேளையில் சண்டை போட்டுக்கொண்டோம், கதாநாயகி அழுதது நியாயமா இல்லையா என்று. முடிவு வரும்போது எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தூக்கம் வந்தது.

மக்சிக்கிடம் இனி இது பொய்யில்லை என்று நாங்கள் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பெட்டியைக் கட்டு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பொய்யாக இருக்கும்போது ஒரே கூரையில் இருக்கலாம்" என்றார் அவர். "நிஜமானால் ஊர் என்ன சொல்லும்?"

அன்றைக்குச் சாயங்காலமே ஜாலான் துக்காங் எமாஸில் ஒரு நகைக்கடைக்காரர் வீட்டு மாடி அறைக்கு என்னைக் குடிமாற்றிவிட்டார். சட்டி, பாய், செய்யுள் புத்தகம் எல்லாவற்றையும் மூன்று சக்கர டிரிஷாவில் ஏற்றினோம். இடமில்லாததால் மக்சிக்கின் மகன் பின்னாலேயே நடந்து வந்தார். நான் வண்டியில் ஏறும்போது சொல்ல ஆரம்பித்த கதையை அந்தத் தெருப் பிள்ளையார் கோயில் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். டிரிஷாக்காரர் முடிவு என்ன என்று கேட்பதற்காகவே மெதுவாக மிதித்தார்.